பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை: எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே சிக்கும்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருக்கு முந்திரி ஆலையில் வேலை, கணவருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பிளஸ் டூவில் 600க்கு 521 வாங்கியிருக்கிறாள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. பொறியியலா, பி.எஸ்சி. இயற்பியலா என்று இன்னும் முடிவாகவில்லை. "உதவித்தொகைக்கு எல்லாத்துக்கும் போட்டு வையுங்க, எது கிடைக்குதோ கிடைக்கட்டும்னு சொல்லுறாங்க. அப்படிச் செய்யலாமா?" என்பது கேள்வி.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடாதீர்கள் அக்கா. பெரும்பாலான மத்திய அரசுத் திட்டங்களில், வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு இது கிடையாது என்று விதி இருக்கிறது. எல்லா விண்ணப்பமும் ஆதார் எண் வழியாகவே போவதால் இரண்டு இடத்தில் வாங்கினால் வெளியே தெரிந்துவிடும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஒரு பெரிய தொகையையும், அதோடு சேர்த்து வாங்க அனுமதியுள்ள ஒரு சிறிய தொகையையும் குறிவையுங்கள். அந்த இரண்டையும் பிழையில்லாமல் போட்டு முடிப்பதே போதுமான வேலை.

சேர்த்து வாங்கக்கூடிய அந்தச் சிறிய தொகை புதுமைப் பெண் திட்டம். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம், குடும்ப வருமான வரம்பும் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டிலிருந்து கிடைக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்ணை, கையில் வைத்திருங்கள்.

குமரி மாவட்டத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். நம் ஊரில் சபைகளும் சமுதாய அமைப்புகளும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். பள்ளி அரசு உதவி பெறுவதாக இருந்தாலும் பிள்ளை ஆங்கில வழிப் பிரிவில் படித்திருந்தால் இந்த 1,000 ரூபாய் வராது. தமிழ் வழியில் படித்தவளுக்குப் பள்ளிப் பதிவில் தவறுதலாக ஆங்கில வழி என்று ஏறியிருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். அதைக் கல்லூரியால் திருத்த முடியாது, பழைய பள்ளித் தலைமையாசிரியர்தான் திருத்த வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே பயிற்று மொழியைக் கேட்டுப் பாருங்கள். எல்லையோரம் இருப்பவர்கள் ஓரிரு ஆண்டு கேரளப் பக்கம் படிக்க வைத்திருந்தால், இந்தத் திட்டத்துக்கு வேண்டிய ஆறு முதல் பன்னிரண்டு வரையான தொடர்ச்சி விட்டுப்போகும். அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுவது நல்லது.

இன்னொரு குழப்பம், 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் பொறியியல் படிப்பின் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும் என்பது உண்மை. ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. உங்கள் மகளுக்கு அது இல்லை அக்கா. யாராவது வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி படிப்பு வாரியாகப் பார்ப்போம்.

பொறியியல் என்றால், பணத்தைத் தீர்மானிப்பது எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த வழியில் சேர்ந்தாள் என்பதுதான். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறையும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒரு பைசாகூடக் குறையாது. மே, ஜூன் மாதங்களில் வீடு தேடி வந்து, கலந்தாய்வுக்குப் போகவேண்டாம், நாங்களே ஸ்காலர்ஷிப் போட்டுத் தருகிறோம், சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்கள் என்பவர்கள் செய்வது இதைத்தான். அவர்கள் சொல்லும் ஸ்காலர்ஷிப் அந்தக் கல்லூரி தானே குறைத்துக்கொள்ளும் கட்டணம். அடுத்த ஆண்டும் அது இருக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அசல் சான்றிதழை முன்கூட்டியே யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் நல்ல இடம் கிடைத்த நாளில் அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி போன்ற இடத்தில் கட்டணமே குறைவு. அங்கே கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழைக் கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே ஏற்ற வேண்டும். சேர்ந்த பிறகு கொண்டுவருகிறேன் என்றால் நடக்காது. பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்ல, அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டிகளிலும் பட்டதாரி இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் சலுகை. அண்ணன் இதை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தால் தங்கைக்கு இல்லை. அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் என்றால் கவலை வேண்டாம், டிப்ளமோ பட்டம் அல்ல.

பொறியியல் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். டிப்ளமோ படிப்பவர்களுக்கும் உண்டு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனம் உள்ள மாணவ மாணவியருக்கு இதே தொகை சக்ஷம் என்ற பெயரிலும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஸ்வநாத் என்ற பெயரிலும் உள்ளது. ஆனால் பிரகதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பட்டப்படிப்புக்கு நாடு முழுவதும் 5,000 இடங்கள், அதை மாநில வாரியாகப் பிரித்து மதிப்பெண் வரிசையில் கொடுப்பார்கள். முதல் ஆண்டில்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும், நேரடி இரண்டாம் ஆண்டு சேர்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டில். தூங்கிவிட்டு அடுத்த வருஷம் போடலாம் என்றால் 2 லட்சமும் போயிற்று.

பிரகதியிலும் வேறு மத்திய, மாநில உதவி வாங்குபவருக்குக் கிடையாது என்ற விதி இருக்கிறது. அப்படியானால் முதல் பட்டதாரி சலுகையை விடவேண்டுமா? சேர்க்கையின்போது அதை விடாதீர்கள். அது தகுதி இருந்தால் கட்டாயம் கிடைப்பது, பிரகதி போட்டியில் கிடைப்பது. கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கிடைக்குமோ கிடைக்காதோ என்பதன் பின்னால் போகவேண்டாம். பிரகதிக்கும் விண்ணப்பியுங்கள். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தால், பணம் கணக்கில் ஏறும் முன் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்துக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். அந்த ஒரு தாள் பின்னாளில் காப்பாற்றும்.

பி.எஸ்சி. இயற்பியல் என்றால் கணக்கு வேறு. முதலில் கேட்கவேண்டியது, அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா என்பது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு மாநில அரசின் இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு மட்டும் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் யுமிஸ் என்ற மாநில அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில். அந்தத் தளத்தில் பிள்ளையின் எண்ணைக் கல்லூரிதான் உருவாக்கும்.

மத்திய அரசுப் பக்கம் பார்த்தால், கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை பி.எஸ்சி.க்குப் பொருத்தம். முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். பிளஸ் டூவில் 80 பெர்சென்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். இந்தச் சொல்லில்தான் ஏமாற்றம் அதிகம். 80 மதிப்பெண் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த ஆண்டு அந்த வாரியத்தில் தேறியவர்களில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரவேண்டும் என்பதுதான் பொருள். உங்கள் மகளின் 521 என்பது 86.8 விழுக்காடு. அந்த ஆண்டு மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது உள்ளே வரலாம், வராமலும் போகலாம். கட்டணச் சலுகை உட்பட வேறு உதவி வாங்குபவருக்கு இதுவும் இல்லை. ஆகவே பட்டியலில் வந்தால் இது, வராவிட்டால் மாநில இலவசக் கல்வித் திட்டம். உதவி பெறும் பிரிவில் கட்டணமே சிறிது என்பதால் 12,000 ரூபாய்தான் லாபம். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை.

அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு 80,000. அதில் 60,000 கையில் வரும், மீதி 20,000 கோடை ஆய்வுப் பணிக்கு. வாரியத்தில் முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கானது. இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்களுக்குத்தான், பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் இல்லை. 521க்கு இது எட்டாது, ஆனால் 590ஐ ஒட்டி வாங்கிய பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு வழி வேறு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் அவர்களுக்கு முதன்மை. வருமான வரம்பு 2.5 லட்சம். ஆதிதிராவிடர் என்றால் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேராகப் பிள்ளையின் கணக்கில் விழும். அதில் கல்லூரிக்குச் சேரவேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கும், 7 நாளுக்குள் அதைக் கல்லூரியில் கட்டிவிட வேண்டும். கணக்கில் பணம் வந்தது என்று வீட்டுக் கடனை அடைத்துவிட்டுப் பிறகு தேர்வு நுழைவுச்சீட்டுக்குத் தவிக்கும் நிலை இதனால்தான் வருகிறது. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் பல. அவர்கள் மத்திய அரசின் எஸ்.சி. திட்டங்களில் தேடினால் கிடைக்காது. சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்று இருந்தாலும் மாநில ஆதிதிராவிடர் நலத்துறை அவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர் பிள்ளைகளுக்கு இனச் சான்றிதழைத் தாசில்தார் தரமாட்டார், கோட்ட அளவில் சார் ஆட்சியர்தான் விசாரித்துத் தரவேண்டும். பிளஸ் ஒன் படிக்கும்போதே தொடங்கினால்தான் நேரத்துக்குக் கையில் வரும்.

சான்றிதழ்களுக்கு வருவோம். இனச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாமே இ-சேவை மையத்தில், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதலில் கேன் எண், அதாவது இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண், எடுக்க வேண்டும். பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று மேலே போகும். தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். முடிவு வந்த வாரத்தில் மாவட்டத்தின் ஆறு தாலுகாவிலும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் குவியும். இனச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும், கிள்ளியூரும் திருவட்டாரும் தனித் தாலுகா ஆகுமுன் வாங்கிய பழைய சான்றிதழில் வேறு தாலுகாப் பெயர் இருந்தாலும் அதற்காக மாற்ற வேண்டாம். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான். கூலி வேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றால் சுய உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம், கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். உண்மைத் தொகையையே சொல்லுங்கள். ஆலையில் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்கள் என்றால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது பெயர். தகுதியுள்ள பிள்ளைகளின் பணம் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மதிப்பெண் பட்டியலில் 'ஷைனி எஸ்.', ஆதாரில் 'ஷைனி செல்வராஜ்', வங்கிப் புத்தகத்தில் 'எஸ். ஷைனி மேரி' என்று இருந்தால் நமக்கு ஒரே பிள்ளை, கணினிக்கு மூன்று பேர். ஞானஸ்நானப் பெயர், கூப்பிடும் பெயர், அப்பா பெயர் எல்லாம் கலந்து எழுதும் நம் ஊரில் இது வீட்டுக்கு வீடு உண்டு. மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை மாற்றுவது எளிது. ஆகவே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மதிப்பெண் பட்டியலுக்கு ஒத்தபடி மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் திருத்த விடுவார்கள் என்பதால், இன்ஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதையெல்லாம் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்யுங்கள். 15 வயதில் கைரேகையும் கண்விழிப் பதிவும் புதுப்பித்தாளா என்பதையும் கேளுங்கள். சின்ன வயதில் எடுத்த ரேகை இப்போது ஒத்துப்போகாமல் சரிபார்ப்பு தோற்கும்.

வங்கிக் கணக்கில் ஆதார் 'இணைத்தாச்சு' என்று கிளையில் சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். இணைப்பு இரண்டு வகை. அடையாளத்துக்காக வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது ஒன்று. அரசு போடும் பணம் எந்த வங்கிக்குப் போகவேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் பதிவாகியிருப்பது இன்னொன்று. உதவித்தொகைக்கு இரண்டாவது வேண்டும், அதற்குக் கிளையில் தனிப் படிவம் உண்டு. ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் பட்டியலில் இருக்கும், கடைசியாகப் பதிந்த வங்கிக்கே பணம் போகும். கல்லூரியில் சேர்ந்ததும் புதிதாக ஒரு கணக்கு தொடங்கியிருப்பாள், பணமோ எட்டாம் வகுப்பில் தொடங்கிய பழைய கணக்கில் விழுந்து கிடக்கும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியில் எந்த வங்கி, ஆக்டிவா என்று இரண்டு நிமிஷத்தில் பார்க்கலாம். பள்ளிக்காலக் கணக்கு மைனர் கணக்காக இருந்தால் 18 வயதில் கையெழுத்து, அடையாளச் சான்று கொடுத்து மாற்ற வேண்டும். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், அதைச் செயல்படுத்த மறக்காதீர்கள்.

பிரகதி, மத்தியத் துறை உதவித்தொகை போன்ற மத்திய அரசுத் திட்டங்கள் தேசிய உதவித்தொகைத் தளம் வழியாகத்தான். முதலில் ஒருமுறைப் பதிவு. கைபேசியில் ஆதார் முகச் சரிபார்ப்புச் செயலியை வைத்து, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி முடித்தால் 14 இலக்க எண் வரும். படிப்பு முடியும்வரை அதே எண், எழுதி வையுங்கள். கைபேசி எண் மகளுடையதாகவோ உங்களுடையதாகவோ இருக்க வேண்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கதவு திறக்காது. அப்பாவின் வளைகுடா எண்ணும் வேண்டாம்.

அனுப்பு பொத்தானை அழுத்தியதோடு வேலை பாதிதான் முடிந்தது. கல்லூரிப் பொறுப்பு அலுவலர் முதலில் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், அதன்பின் அடுத்த கட்டச் சரிபார்ப்பு. கல்லூரி சரிபார்க்காத விண்ணப்பம் கடைசித் தேதியோடு செத்துப்போகும். அச்செடுத்த விண்ணப்பத்தையும் நகல்களையும் நேரில் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், திருத்துவதற்காகத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். காரணமும் அங்கேயே இருக்கும், அதற்குரிய தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வருமானச் சான்றிதழ் எண்ணில் ஒரு இலக்கம் தப்பியிருக்கும், மங்கலான ஸ்கேன் ஏற்றியிருப்பார்கள், அல்லது கட்டணத் தொகை கல்லூரி கொடுத்ததோடு ஒத்துப்போகாது. 'ரிஜெக்டட்' என்றால் அந்த ஆண்டுக்கு முடிந்தது. மாநிலத் திட்டத்தில் சிக்கினால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துக்குப் போங்கள். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடரலாம்.

உங்கள் ஆலை தொழிலாளர் நல நிதி செலுத்துகிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள் அக்கா. செலுத்தினால் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவிக்கு ஆலை வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் மீனவர்களுக்கும் அவரவர் நல வாரியங்களில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு, ஆனால் உறுப்பினர் அட்டை காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

கடைசியாகப் பணம் வரும் காலம். எந்த உதவித்தொகையும் ஜூனில் விண்ணப்பித்து ஜூனில் வராது. தேசியத் தளத்தின் பணம் பெரும்பாலும் அந்தக் கல்வியாண்டின் பின்பாதியில்தான் கணக்கில் ஏறும், சில நேரம் ஆண்டு முடிந்த பிறகு. கல்லூரிக் கட்டணமோ பால்வெட்டு மழையில் நின்றுபோகும் ஜூன், ஜூலையில் கேட்பார்கள். கடற்கரையில் மேற்குப் பக்கம் அதே இரண்டு மாதம் விசைப்படகுக்குத் தடைக்காலம். சேரும் அன்றே முதல் பருவத் தொகைக்கு வழி பார்த்து வைக்க வேண்டும். முதல் பட்டதாரி சலுகை கட்டணத்திலேயே கழிந்துவிடுவதால் அதை மட்டும் அன்றைக்கே நம்பலாம். மீதிக்குக் கல்லூரியில் தவணை கேளுங்கள், கேட்டால் தருகிற கல்லூரிகள் இருக்கின்றன. போதவில்லை என்றால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள், 4 லட்சம்வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையும் கல்லூரியின் கட்டண விவரமும் கையில் இருந்தால் அந்த வாரமே கிளையில் கொடுத்துவிடலாம்.